நாரி நோவுக்கு ஷொக்வேவும் கைரோபிராக்டிக்கும்: எது முதலில், எது பிறகு

“மிஸ், ஷொக்வேவையும் கைரோபிராக்டிக்கையும் சேர்த்துச் செய்தால் நாரி நோ கெதியாகப் போய்விடுமாமே?” வெள்ளவத்தையில் என்னிடம் வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போனில் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர் செய்து சுகம் கண்டதாகச் சொல்லியிருப்பார். சிலருக்கு இரண்டும் சேர்ந்து நல்ல பலன் தருவது உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒன்றைத் தொடங்குங்கள். அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்று பாருங்கள். மிச்சம் இருக்கும் நோவுக்கு மற்றதைச் சேருங்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். அடுத்த முறை நாரி பிடிக்கும்போது காசை எதில் செலவழிப்பது என்றும் தெரியும்.

நான் பிசியோதெரபிஸ்ட். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் பிசியோதெரபி பாடசாலையில் படித்தவள். தோலுக்கு மேல் வைத்து அழுத்த அலையை உள்ளே செலுத்தும் ஷொக்வேவ் மெசினை நானே இயக்குகிறேன். முள்ளந்தண்டு மூட்டைச் சட்டென்று அழுத்தி அசைக்கும் வேலைக்கு எனக்குத் தெரிந்த கைரோபிராக்டர் ஒருவரிடம் அனுப்புகிறேன். நோயாளி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொப்பியைக் கொண்டு திரிகிறார். அந்தக் கொப்பியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு.

கை வைக்கக் கூடாத நாரி நோ

சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலத்தை அடக்க முடியாமல் போவது. பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடைகளின் உட்பக்கத்திலும் விறைப்பது. இரண்டு கால்களும் பலம் இழப்பது. நாரி நோவோடு இதில் ஒன்று வந்தாலும் முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சனல் பண்ணி நம்பர் எடுத்துக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அல்லது கிடைத்த ஓட்டோவில் ஏறித் தேசிய வைத்தியசாலைக்கோ களுபோவிலவுக்கோ உடனே போங்கள். மணித்தியாலக் கணக்கில் தாமதித்தாலும் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக் கூடும்.

அந்த அளவு அவசரம் இல்லாவிட்டாலும் முதலில் டொக்டர் பார்க்க வேண்டிய நாரி நோக்கள் உண்டு. காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வரும் நோ, படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் நோ, முன்னர் புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் நோ. காசநோய் முள்ளந்தண்டையும் பிடிக்கும், அதை நம் நாட்டில் மறந்துவிடக் கூடாது. தொய்வுக்கோ வாதத்துக்கோ நீண்ட காலம் ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்தவருக்கும், வயதான அம்மாமாருக்கும், குளியலறையில் சும்மா வழுக்கி உட்கார்ந்தாலே முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட முதுகில் யாராவது நெட்டி முறித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இளம் வயதுப் பிள்ளைகளுக்குக் காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நாரி இறுகிக் கிடந்து, நடமாட நடமாட இளகுகிறதென்றால் அது வாத நிபுணர் பார்க்க வேண்டிய அழற்சி நோயாக இருக்கலாம். விலாவுக்குக் கீழே தொடங்கிக் கவட்டுப் பக்கம் இறங்கி, படுக்கவும் இருக்கவும் விடாமல் துடிக்கவைக்கும் நோவுக்குச் சிறுநீரகக் கல்லைச் சோதிக்க வேண்டும்.

ஷொக்வேவுக்கென்று தனித் தடைகளும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு நாரியிலோ இடுப்பிலோ செய்வதில்லை. அந்த இடத்தில் கட்டியோ கிருமித் தொற்றோ இருந்தால் செய்வதில்லை. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை எடுப்பவர், இரத்தம் உறையாத நோய் உள்ளவர் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாரியில் ஸ்டீரொயிட் ஊசி போட்டிருந்தால் 6 கிழமையாவது போகட்டும். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளுக்கு மேல் வைப்பதில்லை. நுரையீரல் இருக்கும் பக்கத்திலும் வைப்பதில்லை, அதனால் நாரிக்குச் செய்யும்போது கடைசி விலா எலும்புக்கு மேலே ஏறக் கூடாது. நீரிழிவினால் உணர்ச்சி குறைந்தவர் எவ்வளவு நோகிறது என்று சரியாகச் சொல்ல முடியாது. அவருக்கு அழுத்தத்தைக் குறைவாக வைத்தே செய்ய வேண்டும்.

இன்னொன்று. நாரி பிடித்து 2 கிழமைதான் ஆகிறதென்றால் இந்த இரண்டுமே இப்போதைக்குத் தேவையில்லை. திடீரென்று வரும் நாரிப்பிடிப்பு பெரும்பாலும் 6 கிழமைக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடந்து, சுடுதண்ணீர் ஒத்தடம் பிடித்து, தேவைப்பட்டால் சித்தாலேப தடவிக்கொண்டு வேலையைப் பாருங்கள். இந்தக் கட்டுரை 3 மாதம் தாண்டியும் விடாமல் இருக்கும் நோவுக்கும், விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும் நோவுக்கும்தான்.

இரண்டும் என்ன செய்கின்றன

ஷொக்வேவ் என்றதும் கரண்ட் பிடிப்பது என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் கரண்ட் உடம்புக்குள் போவதில்லை. அழுத்த அலைதான் போகிறது. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கும் முறையாக 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார்கள். பிறகுதான் அது குறைந்த வலுவில் தசைநாண்களுக்கு வந்தது. குதிக்கால் நோவுக்கும் தோளில் சுண்ணாம்பு படிவதற்கும் அதற்கு ஓரளவு நல்ல பெயர் உண்டு.

மெசின் இரண்டு வகை. கொழும்பில் பிசியோ அறைகளில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் ரேடியல் வகை. கைப்பிடிக்குள் காற்றழுத்தம் ஒரு சிறு உலோகத் துண்டைத் தள்ள, அது முனையில் போய் மோத, அந்த அதிர்வு தோலுக்குள் பரவும். மேலே பலமாகவும் ஆழம் போகப் போகப் பலவீனமாகவும் இருக்கும். சில சென்டிமீற்றருக்குக் கீழே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மற்றது ஃபோகஸ்ட் வகை, ஆழத்தில் ஒரு புள்ளியில் அலையைக் குவிப்பது. எந்த வகை என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். ரேடியல் மெசினைக் காட்டி “டிஸ்க்கைச் சரிப்படுத்தும்” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழும்பி வந்துவிடலாம். முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கின் ஆழத்துக்கு அந்த அலை போகவே போகாது. அது தொடுவது முதுகின் இரு பக்கத் தசைகளையும் பிட்டத் தசைகளையும்தான். அங்கே நோ உணர்வைக் கொஞ்சக் காலம் மட்டுப்படுத்துகிறது, இறுகிய தசையை இளகவைக்கிறது.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் தொடங்கியது. மூட்டை அதன் அசைவின் எல்லைவரை கொண்டுபோய், அங்கிருந்து சட்டென்று ஒரு சின்ன உந்தல் கொடுப்பது அதன் முக்கியக் கை வேலை. ‘டக்’ என்று கேட்கும் சத்தத்தைப் பலரும் எலும்பு திரும்ப இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்று நினைக்கிறார்கள். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்தே நெட்டி முறித்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். மூட்டுப் பரப்புகள் விலகும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் ஒரு வாயுக்குழி உண்டாகிறது, சத்தம் அப்போதுதான் வருகிறது. சத்தம் வந்தால் சுகம், வராவிட்டால் வீண் என்றில்லை. அந்த உந்தலால் தசையின் பிடிப்பு தளர்கிறது, சில மணித்தியாலமோ சில நாளோ அசைய இலேசாக இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இலேசான நேரம்தான், ஏனென்று கீழே சொல்கிறேன்.

ஆதாரம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். முள்ளந்தண்டுக் கைச்சிகிச்சையை, இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியில் ஏற்றுக்கொண்டது, ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும். உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் அதைச் சேர்த்திருக்கிறது. இடுப்புப் பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. ஷொக்வேவுக்கு நாரியைப் பொறுத்தவரை இருப்பவை சிறிய ஆய்வுகள். முதல் ஒன்றிரண்டு மாதங்களில் நோ குறைவதாகக் காட்டுகின்றன, நீண்ட காலத்துக்கு உறுதி தருவதில்லை. ஆகவே கைச்சிகிச்சையும் பயிற்சியும் முதலில், மெசின் இரண்டாவதாக. என் ஒழுங்கு இந்தக் காரணத்தால்தான் இப்படி அமைந்தது.

ஆளைத் தேடுவது

இலங்கையில் பிசியோதெரபிஸ்டுகள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். கைரோபிராக்டரிடம் எந்த நாட்டில், எத்தனை வருடம் படித்தார், அங்கே பதிவு உண்டா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கென்று தனிச் சபையே இருக்கிறது, அப்படிப்பட்ட பதிவு உள்ளவர் மகிழ்ச்சியாகக் காட்டுவார். 4, 5 வருடப் படிப்பையும் வார இறுதிச் சான்றிதழையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவுவதில் எனக்கு மறுப்பில்லை, நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். சட்டென்று முறிப்பதை மட்டும் எக்ஸ்ரேயோ சோதனையோ இல்லாமல் செய்யவிடாதீர்கள்.

நல்ல ஆள் முதல் நாளில் உங்கள் கதையைக் கேட்பார். குதிக்காலில் நடக்கச் சொல்வார், முன்காலில் நடக்கச் சொல்வார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடி உயர்த்துவார். பெருவிரலை மேலே தள்ளச் சொல்லிப் பலம் பார்ப்பார். முழங்காலிலும் குதிக்காலிலும் தட்டிப் பார்ப்பார். இதில் எதையும் செய்யாமல் நேராகக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்பவரிடம் தொடர வேண்டாம். நாரிக்காகப் போன இடத்தில் கழுத்தையும் திருப்பி முறிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்தில் பலமாகத் திருப்புவதற்கு அரிதாகவென்றாலும் இரத்தக் குழாய் கிழியும் ஆபத்து பேசப்படுகிறது. நாரி நோவுக்கு அது எந்த உதவியும் இல்லை.

காசைப் பற்றி வெளிப்படையாகக் கதைத்துவிடுங்கள். ஒரு முறைக்கு எவ்வளவு, மெசினுக்குத் தனியாகவா, பயிற்சி சொல்லித் தருவது அதற்குள் அடங்குமா. 20 முறைக்கு முன்பணம் வாங்கும் பெக்கேஜை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், எவ்வளவு கழிவு தந்தாலும். முதல் 3, 4 முறையிலேயே போகிற திசை தெரிந்துவிடும். கையில் காசு இல்லையென்றால் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி இலவசம். கிளினிக் டொக்டரிடம் கடிதம் வாங்கிப் போகலாம். ராகமையில் வாத நோய்க்கும் புனர்வாழ்வுக்குமென்றே ஓர் அரச ஆஸ்பத்திரி இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அங்கே சொல்லித்தரும் பயிற்சிதான் இந்தச் சிகிச்சை முழுவதிலும் பெறுமதி கூடிய பகுதி.

கொப்பி

ஒரு சாதாரணப் பாடசாலைக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் எடுக்கும் மாத்திரைகள், நோய்கள், செய்த ஒப்பரேஷன்கள். இரண்டாம் பக்கத்தில் நாரி நோவால் உங்களால் செய்ய முடியாமல் போன மூன்று வேலைகள். “நோகுது” என்று மட்டும் எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் குனிந்திருந்து வேலை செய்யும் ஓர் அண்ணா “ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பட்டறையில் இருப்பது” என்று எழுதினார். ஓர் அக்கா “100ஆம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைவரை நின்றுகொண்டு போவது, தேங்காய் துருவுவது, கோயிலில் பூசை முடியும்வரை சப்பாணி கட்டி இருப்பது” என்று எழுதினார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓர் இலக்கம் போடுங்கள். 0 என்றால் செய்யவே முடியாது, 10 என்றால் முன்னைப்போல முடிகிறது. கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், அந்த மூன்றுக்கும் திரும்ப இலக்கம். ஒரு வேலையில் 2 கூடினால் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறேன். அரை, ஒன்று என்று ஏறி இறங்குவது நல்ல நாள் கெட்ட நாளின் கணக்கு.

மூன்றாம் பக்கத்திலிருந்து சிகிச்சைக் குறிப்பு. யார், எந்த இடத்தில், என்ன செய்தார், அடுத்த நாள் எப்படி இருந்தது. நான் மெசின் வைத்த இடமும் அழுத்தமும் கைரோபிராக்டருக்கு அதில் தெரியும். அவர் எந்தப் பக்கம் உந்தினார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரிடம் சிகிச்சை எடுப்பவர்களுக்கு நடக்கும் பெரிய கெடுதலே ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே இடத்தை இரண்டு பேரும் நோகவைப்பதுதான்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள், ஆனால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நோ எதுவும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் கணக்குப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 வீதத்தினருக்கு டிஸ்க் தேய்வு இருந்தது, 80 வயதில் 96 வீதம். டிஸ்க் பிதுங்கியிருப்பதும் 20 வயதில் 30 வீதம், 80 வயதில் 84 வீதம். நோ இல்லாத சனத்தின் கணக்கு இது. “தேய்வு” என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் குனியவே பயந்து, அந்தப் பயத்தாலேயே நாரி இறுகிப்போனவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்தப் பயத்தைப் போக்கப் பேசும் நேரமும் சிகிச்சைதான்.

முதல் 3 கிழமை: கையும் பயிற்சியும்

கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ கைரோபிராக்டிக், தினமும் பயிற்சி. மெசின் இன்னும் வேண்டாம். கைச்சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் தசை உளைவு இருக்கலாம், அது வழமை. காலுக்குள் நோ இறங்கினாலோ, விறைப்பு கூடினாலோ வழமை இல்லை. அன்றைக்கே தெரியப்படுத்துங்கள், அடுத்த முறையைத் தள்ளிவையுங்கள். சட்டென்று உந்துவது பிடிக்காவிட்டால் மெதுவாக அசைக்கும் முறைகளும், மேசையே மடிந்து இழுக்கும் முறையும் உண்டு. பயந்து இறுகிக் கிடக்கும் உடம்பில் உந்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

இலேசாகும் நேரத்தைப் பற்றிச் சொன்னேனே. கட்டிலிலிருந்து இறங்கியதும் ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அந்த நேரம் வீணாகிவிடும். இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் நடங்கள். நாள்தோறும் நோவால் தவிர்த்து வந்த அசைவைச் சின்ன அளவில் செய்து பாருங்கள். குனிவதற்குப் பயந்தவர் கதிரையில் இருந்தபடி முன்னால் சாய்ந்து கணுக்காலைத் தொடட்டும். உடம்பு “இது ஆபத்தில்லை” என்று பழகுவது அப்போதுதான்.

ஒரு விலக்கு உண்டு. “நாரி” என்று காட்டும்போது கை இடுப்பின் வெளிப்பக்க எலும்பில் போய் நின்றால், அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாவிட்டால், அது பெரும்பாலும் பிட்டத் தசைநாணின் நோ. முள்ளந்தண்டை எவ்வளவு அசைத்தாலும் அது போகாது. அங்கே ஷொக்வேவுக்கு நாரியைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது, அவர்களுக்கு மெசினையும் பயிற்சியையும் முதல் நாளே தொடங்கிவிடுவேன். ஐம்பது தாண்டிய அம்மாமாரில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

நாலாம் கிழமையிலிருந்து

கொப்பியைத் திறந்து பாருங்கள். மூன்று வேலைகளும் 7, 8க்கு ஏறிவிட்டால் மெசினுக்குத் தேவையில்லை, காசை மிச்சம் பிடியுங்கள். கொஞ்சமும் ஏறவில்லை என்றால் ஷொக்வேவைச் சேர்ப்பதால் அதிசயம் நடக்காது. திரும்ப டொக்டரிடம் போய் நோவின் காரணத்தையே மறுபடி பார்க்க வேண்டும். பாதிவரை ஏறி அங்கேயே நின்று, விரலால் அழுத்தினால் “இந்த இடம்தான்” என்று சொல்லும்படி தசையில் ஒன்றிரண்டு இடங்கள் மிஞ்சியிருக்கிறவர்களுக்குத்தான் இப்போது மெசின்.

கிழமைக்கு ஒருமுறை, 3 முதல் 6 முறை. ரேடியல் மெசினில் 1.5 பார் அழுத்தத்தில் தொடங்கி, தாங்கினால் 2.5 வரை கூட்டுவேன். ஒரு முறைக்கு மெசின் ஏறக்குறைய 2,000 தடவை தட்டும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஜெல் பூசி, நடு முள்ளெலும்பை விட்டு விலகி, பக்கத் தசையிலும் பிட்டத்திலும் வைப்பது. பக்கத்து வீட்டில் சுவர் துளைக்கும் மெசின் ஓடுவதுபோலச் சத்தம் போடும், அதற்குப் பயப்பட வேண்டாம். நோ 10க்கு 5ஐத் தாண்டினால் வாய்விட்டுச் சொல்லுங்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஐயாமார் பல்லைக் கடித்துக்கொண்டு “பரவாயில்லை பிள்ளை, கூட்டு” என்பார்கள். நோவைத் தாங்குவதால் பலன் கூடுவதில்லை, தசை இன்னும் இறுகும்.

இரண்டையும் ஒரே நாளில் வைப்பதென்றால் மெசின் முதலில், கை பிறகு, நடை கடைசியில். தசை இளகியிருக்கும்போது மூட்டை அசைக்கக் குறைந்த பலமே போதும். உடம்பு சட்டென்று உளையும் தன்மை உள்ளவர் இரண்டுக்கும் நடுவில் 2, 3 நாள் இடைவெளி விடட்டும். கொழும்பு டிரபிக்கில் இரண்டு இடத்துக்கு அலைவதே நாரிக்குக் கேடு, அதனால் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே நாள்தான் வசதி.

மெசினுக்குப் பிறகு தோல் சிவக்கலாம், சின்னச் சின்னக் கண்டல் வரலாம், ஒன்றிரண்டு நாள் உளையலாம். அந்த நாட்களில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாதிரி அழற்சி குறைக்கும் மாத்திரைகளை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். உடம்பு தானாகப் பழுதுபார்க்கும் வேலையை அவை மட்டுப்படுத்தக் கூடும் என்பது எங்கள் துறையின் எண்ணம். பனடோல் போதும். டொக்டர் வேறு நோய்க்கு எழுதித் தந்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பாமசியில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் டைக்ளோஃபெனாக் போடுகிறவர்கள் எப்படியும் நிறுத்துவது நல்லது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பிரஷரையும் அது சும்மா விடாது.

வீட்டில் செய்வது

நடை. இதற்கு மேலான மருந்தை நான் காணவில்லை. நாரி நோ வந்து குணமான 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. படிப்படியாகக் கூட்டும் நடைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நோ திரும்பி வர நடு அளவில் 208 நாள் எடுத்தது, சேராதவர்களுக்கு 112 நாள். மரைன் டிரைவில் விடியற்காலை 10 நிமிடத்தில் தொடங்குங்கள், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி, கிழமைக்கு 5 நாள் 30 நிமிடம்வரை கொண்டுவாருங்கள். காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம், எது கிட்டவோ அது. மழை என்றால் பிளாட்டின் நடைபாதையிலேயே நடக்கலாம்.

பயிற்சி மூன்று போதும். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது. கையும் முழங்காலும் ஊன்றி, எதிர் எதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பிடிப்பது. பக்கவாட்டில் முழங்கையில் சாய்ந்து இடுப்பை உயர்த்திப் பிடிப்பது. 10 செக்கன் பிடித்து, விட்டு, திரும்ப. சேலையோ சாரமோ தடுக்காத உடுப்பில் செய்யுங்கள். இடுப்பை மடித்து, முதுகை நிமிர்த்திக் குனியப் பழகுவது நாலாவது என்று வைத்துக்கொள்ளலாம். அரிசிப் பை தூக்குகிறவருக்கும் பேரப்பிள்ளையைத் தூக்குகிற அம்மம்மாவுக்கும் அது ஒன்றுதான். தரையில் திருவலை போட்டுத் தேங்காய் துருவுகிறவர்கள் மேசை விளிம்பில் பூட்டும் துருவிக்கு மாறினால் நாரிக்கு நல்லது. நகைப் பட்டறை அண்ணாவுக்கு நான் சொன்னது அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவது மட்டும். அவர் கொப்பியில் முதலில் ஏறிய இலக்கம் அதற்குப் பிறகுதான் ஏறியது.

எப்போது நிறுத்துவது

மெசினைச் சேர்த்து 3 முறை செய்தும் மூன்று வேலைகளில் ஒன்றாவது 2 ஏறவில்லையா, நிறுத்துங்கள். “இன்னும் பத்து முறை செய்தால் தெரியும்” என்று சொல்லப்பட்டாலும் நிறுத்துங்கள். ஏறுகிறதென்றால் 6 முறையோடு மெசினை முடித்து, கைச்சிகிச்சையைக் கிழமைக்கு ஒன்றிலிருந்து 2 கிழமைக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று தூரமாக்கி விட்டுவிடலாம். பயிற்சியும் நடையும் நிற்கக் கூடாது.

ஒரு நாள் திரும்பவும் பிடிக்கும். ஆடிவேலுக்குத் தேரோடு நடந்த அடுத்த நாள், வீடு மாறும்போது அலுமாரி தூக்கிய நாள். கொப்பியில் கடைசியாக எது உதவியது என்று பாருங்கள், அதை மட்டும் எடுங்கள். முதல் 3 நாள் நடையைப் பாதியாக்கி, பயிற்சியை இலேசாக்கி வீட்டிலேயே சமாளியுங்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் விஷயத்தில் மாற்றம் வந்தாலோ நேராக ஆஸ்பத்திரி. மற்றபடி 2 கிழமை பார்த்தும் குறையாவிட்டால் கொப்பியோடு வாருங்கள்.